ஒழுகாத குழாயும் ஐம்பது லீற்றர் கடலும்

பைப் ஒட்டும் கம்மின் மணம் தெரியுமா உங்களுக்கு? சின்னத் தகர டப்பா. மூடியோடு சேர்ந்த தூரிகை. திறந்த உடனேயே மூக்கின் மேல் ஏறிச் சப்பாணி கட்டி உட்கார்ந்துவிடும் ஒரு இனிப்புக் காரம்… வார்னிஷும் கனிந்த வாழைப்பழமும் சண்டை பிடித்த மாதிரி.

போன வியாழன் எங்கள் ஹோலில் அந்த மணம் எழுந்தது. நான் இருபத்திரண்டு வருடம் பின்னால் போய் விழுந்தேன்.

கலியாணமான புதிது. உப்புவெளியில் வாடகை வீடு. குசினிக் குழாய் ஒழுகியது. இதற்கெல்லாம் ஆள் பிடிப்பதா என்று நானே ஒட்டினேன். ஒரு நாள் காய விடு என்று டப்பாவில் எழுதியிருந்தது. நான் ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம் விட்டேன். வால்வைத் திறந்தேன். பிறகு நடந்தது சரித்திரம் — குசினியைத் தாண்டி, நடையைத் தாண்டி, அறைக்குள் நிலத்தில் அடுக்கியிருந்த விடைத்தாள்களைப் போய்ச் சேர்ந்தது தண்ணீர். நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளின் பௌதிகவியல் விடைத்தாள்கள். என் மனைவி பௌதிகவியல் ரீச்சர். இரண்டு நாள் வீடு முழுக்கக் கயிறு கட்டி, கிளிப் போட்டு, ஈர்ப்பு விசையைக் காய வைத்தோம்.

அதே மணம் இப்போது மறுபடியும். ரீச்சர் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். மூக்கை ஒரு தரம் சுருக்கினார்.

"திரும்பவுமா?" என்றார்.

ஒரு சொல்தான். அதற்குள் நூற்றுப் பன்னிரண்டு தாள்கள் இருந்தன.

ஆனால் இந்த முறை ஒட்டியது நானில்லை. கிண்ணியாவுக்குப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணியிலிருந்து வந்த ஒரு பைப் பாஸ், குழாய் வேலை செய்கிறவர். அவருடைய பெயர் இங்கே வராது. ஏன் என்பது கடைசியில் விளங்கும். இப்போதைக்கு, அந்தப் பக்கம் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, 'நானா' என்றே வைத்துக்கொள்வோம். கிண்ணியாப் பக்கம் இந்தப் பத்தியை வாசிப்பவர்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள் — தயவுசெய்து இந்தக் கிழமை பக்கத்தைப் புரட்டிவிட்டுச் சமையல் குறிப்புக்குப் போய்விடுங்கள்.

போய்விட்டார்களா? சரி.

விஷயம் இதுதான். எனக்கு வீட்டுக்குள் ஒரு கடல் வேண்டும்.

சிரிக்க வேண்டாம். ரீச்சரின் தம்பி, சாம்பல்தீவில் ஆடு வளர்க்கிற என் மச்சான், ஏற்கெனவே போதுமான அளவு சிரித்துவிட்டான். "அத்தான், கேற்றைத் திறந்து முந்நூறு அடி நடந்தால் கடல். பிறகென்னத்துக்கு ஹோலுக்குள்ள?"

நியாயமான கேள்வி. பதிலும் என்னிடம் இருந்தது. ஐம்பது வருடமாக நான் கடலை மேலேயிருந்துதான் பார்க்கிறேன். ஒரு தரம் அதைப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். கதிரையில் சாய்ந்து, பிளேன்டீயோடு, கண்ணுக்கு நேரே… ஒரு மென்பவளம் கை விரிப்பதை. ஒரு கோமாளி மீன் அவசரமாக எங்கோ போய், ஏன் போனோம் என்பதை மறந்து திரும்பி வருவதை. அந்த மீனை எனக்கு நன்றாக விளங்கும்.

"கடலில இருந்து ஒரு கல்லும் எடுக்கக் கூடாது, சட்டம்" என்றார் ரீச்சர். எடுக்கவில்லை. பாறைகளைச் சீமெந்தும் சிப்பித் தூளும் குழைத்து நானே வார்த்தேன். மீன், வளர்ப்பில் பிறந்ததாக வரும். பவளம், அனுமதியோடு பண்ணையில் வளர்ந்தது கிடைத்தால் மட்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, ரீச்சர் ஒரேயொரு நிபந்தனை போட்டார்.

"என்ட மேசை இருந்த இடத்தில இருக்கும். ஒரு சொட்டு உப்புத் தண்ணி ஹோல் நிலத்தில விழுந்தால், தொட்டி அடுத்த நாளே சாம்பல்தீவுக்குப் போகும். தம்பி ஆட்டுக்குத் தண்ணி வைக்கத் தொட்டி தேடுறான்."

மச்சான் உடனே சிரிப்பை நிறுத்தி, கண்ணாலேயே தொட்டியை அளந்தான். நாலடி நீளம், இரண்டடி அகலம். ஒரே நேரத்தில் எத்தனை ஆடு குடிக்கும்?

பவளப்பாறைத் தொட்டி என்றால் கண்ணாடிப் பெட்டியும் மீனும் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் அது ஒரு குழாய் வேலை. மேலே ஒரு தொட்டி, அதன் கீழே அலுமாரிக்குள் இன்னொரு தொட்டி. மேல்தொட்டி நிறைந்து, பல்லுப் பல்லாக வெட்டிய ஒரு விளிம்பால் வழிந்து, இறங்கு குழாயால் கீழே வருகிறது. கீழ்த்தொட்டியில் நுரைக் கருவி ஒன்று அழுக்கை நுரையாக்கிக் கிண்ணத்தில் தள்ளுகிறது — கடற்கரையில் அலை விட்டுப் போகிற மஞ்சள் நுரை, அதே சங்கதிதான். பிறகு ஒரு மோட்டர் தண்ணீரை ஏறு குழாயால் திரும்ப மேலே அனுப்புகிறது. இறங்கு, ஏறு, இறங்கு. இரவு பகல். ஓய்வே கிடையாது. எனக்கு மிகவும் பிடித்த வாழ்க்கை முறை.

இணையத்தில் எல்லா அண்ணன்மாரும் முதலில் ஹீட்டர் வாங்கச் சொன்னார்கள். திருகோணமலையில்… சித்திரை மாதத்தில்… ஹீட்டர். நான் காற்றாடி வாங்கினேன்.

படத்தை நானாவிடம் விரித்துக் காட்டினேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"சேர், தண்ணி திறக்கிற டெப் எங்க?"

"டெப் இல்லை நானா."

"அப்ப இந்தத் தண்ணி ஆருக்கு?"

"ஒருத்தருக்கும் இல்லை. சும்மா சுத்தும்."

"டெப் இல்லாத பைப் வேலை நான் செஞ்சதே இல்ல" என்றார். குரலில் ஒரு சோகம். பிறகு பையைத் திறந்து, கல்யாண நகை எடுக்கிற பக்குவத்தில், பளபளவென்று நாலு பித்தளை வால்வை எடுத்து மேசையில் வைத்தார். பித்தளை உப்பில் ஊறினால் அதிலிருந்து செம்பு இறங்கும், செம்பு இறங்கினால் பவளம் சாகும், எல்லாம் பிளாஸ்டிக்தான் வேண்டும் என்றேன். நானா வால்வுகளைத் திரும்பத் துணியில் சுற்றினார். அந்தச் சுற்றலில் என்னைப் பற்றிய ஒரு முழுத் தீர்ப்பு இருந்தது.

"சேர், ஒண்டு மட்டும் சொல்றன். முப்பது வருசம். என்ட கை பட்ட ஒரு பைப்பும் இதுவரைக்கும் ஒழுகினதில்ல. கிண்ணியாவில கேட்டுப் பாருங்க."

கேட்கத் தேவையே இல்லை. வேலையைப் பார்த்தாலே தெரிந்தது. வெட்டிய ஒவ்வொரு விளிம்பையும் அரத்தால் தேய்த்தார். கம்மைப் பூசி, செருகி, கால் சுற்றுத் திருகி, முப்பது வரை எண்ணிக் கையை எடுத்தார். வியாழன் பின்னேரம் வேலை முடிந்தது. "வெள்ளி முழுக்கக் காயட்டும். சனி காலம வாறன், தண்ணி விடுவம். அதுக்கிடையில தொட்டுப்போடாதீங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். உப்புவெளிக் கதையை ரீச்சர் அவருக்குச் சொல்லிவிட்டார் போல.

தொடவில்லை என்று சொல்ல ஆசைதான்.

இங்கே ஒரு சின்ன விஞ்ஞானம். பொறுத்துக்கொள்ளுங்கள். மோட்டர் ஓடும் வரைக்கும் எல்லாம் அழகு. கரண்ட் போனால்? ஏறு குழாயின் வாய் மேல்தொட்டித் தண்ணீருக்குள் அமிழ்ந்து கிடக்கிறது. மோட்டர் நின்றதும் தண்ணீர் அதே குழாயால் பின்பக்கமாகக் கீழே இறங்கத் தொடங்கும். வாயில் காற்றுப் படும் வரைக்கும் நிற்காது. டியூபை வாயில் வைத்து இழுத்து டாங்கியிலிருந்து பெற்றோல் எடுப்போமே, பெற்றோல் வரிசைக் காலத்தில் நாடு முழுக்கக் கற்றுக்கொண்ட வித்தை… அதேதான். கீழ்த்தொட்டி அவ்வளவையும் தாங்காது.

இதற்கு மருந்து என்ன? ஏறு குழாயில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு சின்ன ஓட்டை. அவ்வளவுதான். மோட்டர் நின்றதும் அதனால் காற்று உள்ளே போகும், இழுவை அறும், தண்ணீர் நிற்கும். ஓடும்போது அதனால் கொஞ்சம் தண்ணீர் பீச்சும். தொட்டிக்குள்தானே, பீச்சிவிட்டுப் போகட்டும்.

ஆனால் முப்பது வருடம் ஒழுகாத மனிதரிடம் போய், "நானா, குழாயில் ஒரு ஓட்டை போடுங்கோ" என்று எப்படிக் கேட்பது? நீங்கள் கேட்பீர்களா?

வெள்ளிக்கிழமை, அவர் இல்லாத நேரம் பார்த்து, நானே டிரில்லை எடுத்தேன். களவாக. சொந்த வீட்டில், சொந்தக் குழாயில்.

சனி காலை மச்சான் லான்ட்மாஸ்டர் உழவு யந்திரத்தின் பெட்டியில் முப்பது கான் கடல் தண்ணீர் கொண்டுவந்தான். துறைமுகத் தண்ணீர் சரிவராது, கப்பல் எண்ணெய். சாம்பல்தீவுக் கரையிலிருந்து அள்ளியது. ஊற்றினோம். மோட்டரைப் போட்டோம். கீழே கறகறவென்று ஒரு சத்தம்… நானா காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "சேர், இது கக்கூஸ் சத்தம்" என்றார். இறங்கு குழாயின் வால்வைக் கொஞ்சம், கொஞ்சத்திலும் கொஞ்சம் மூடினார். சத்தம் மெலிந்து, மூச்சாகி, இல்லாமலே போயிற்று. ஹோலுக்குள் கடல் வந்து, வந்ததைக் காட்டிக்கொள்ளாமல் இருந்தது.

மேலே என் ஓட்டையிலிருந்து ஒரு வெள்ளி நூல் வளைந்து தண்ணீரில் விழுந்தது. அவ்வளவு மெல்லிசு. ஜன்னல் வெளிச்சம் பட்டபோது அதில் ஒரு துண்டு வானவில்கூட இருந்தது. மனம் நிறைந்து, பிறகு மாற்றுவதற்குத் தண்ணீர் வேண்டுமென்று இரண்டாவது சுமை எடுக்க மச்சானோடு சாம்பல்தீவுக்குப் போய்விட்டேன்.

போயிருக்கக் கூடாது.

திரும்பி வந்தபோது வெள்ளி நூலைக் காணோம். தண்ணீர் கொஞ்சம் ஏறி ஓட்டையை மூடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நானா கை துடைத்துக்கொண்டு, வேலை முடித்த மனிதரின் புன்னகையோடு நின்றார். நானும் புன்னகைத்தேன். எங்கள் இருவர் புன்னகைக்கும் காரணம் வேறு வேறு என்பது அப்போது தெரியாது.

பின்னேரம் நாலு மணி. ரீச்சர் சிவப்புப் பேனையை மூடி வைத்தார். மேசைக்குக் கீழே இருந்த விடைத்தாள் கட்டை எடுத்து மேசைக்கு மேலே வைத்தார். பிறகு கொஞ்சம் யோசித்து, மேசையிலிருந்து எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்தார்.

"பரீட்சை தொடங்குது" என்றார்.

"என்ன பரீட்சை?"

நேரே போய் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினார்.

"கரண்ட் போச்சு" என்றார்.

காற்றாடி நின்றது. மோட்டர் நின்றது. ஹோலில் அப்படி ஒரு அமைதி… தூரத்தில் துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது கேட்டது. நான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். காற்று 'ஸ்ர்ர்' என்று ஓட்டையால் உள்ளே போகும். தண்ணீர் நிற்கும். ரீச்சர் மூக்குக் கண்ணாடியை ஏற்றி என்னைப் புதிதாகப் பார்ப்பார்.

ஸ்ர்ர் வரவில்லை.

கீழ்த்தொட்டியில் மட்டம் ஏறியது. நாலு விரல். மூன்று விரல். இரண்டு.

"நிக்கும்" என்றேன்.

ஒரு விரல்.

"இப்ப நிக்கும்."

ரீச்சர் சேலைக் கரையைக் கணுக்காலுக்கு மேலே ஓர் அங்குலம் தூக்கிப் பிடித்தார்.

வழிந்தது. முதலில் வெட்கத்தோடு, பிறகு உரிமையோடு. அலுமாரிக் கதவுக்குக் கீழால் கடல் ஹோலுக்குள் காலடி எடுத்து வைத்தது.

"மெயினைப் போடுங்கோ" என்று கத்தினேன்.

"உண்மையில கரண்ட் போனால் ஆர் போடுறது?"

நானா நிலத்தில் விழுந்து அலுமாரிக்குள் கையை விட்டார். ஏறு குழாயில் ஒரு வால்வ் இருக்கிறது. அதை மூடினால் நின்றுவிடும். ஆனால் அதன் கைப்பிடி சுவரைப் பார்த்தபடி, நுரைக் கருவிக்குப் பின்னால் இருந்தது. அந்த இடத்தைத் தெரிவு செய்தவர் யார் என்று கேட்க வேண்டாம். அவர் கை கைப்பிடியைத் தொட்ட நேரம் மேலே 'கொர்ர்' என்று குழாய் காற்றைக் குடித்தது. எல்லாம் முடிந்திருந்தது. தண்ணீர் மேசையின் நாலு காலையும் சுற்றிப் பார்த்துவிட்டுக் கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"ஓட்டை…" என்றேன். "ஓட்டை ஒண்டு போட்டனான். காத்துப் போறதுக்கு. எங்க அது?"

நானா நிலத்தில் கிடந்தபடியே என்னைப் பார்த்தார். சேட்டெல்லாம் உப்புத் தண்ணீர்.

"எந்த ஓட்டை?"

"ஏறு குழாயில. மேல."

"அது நீங்க போட்டதா?"

"ஓம்."

எழும்பி உட்கார்ந்தார். நினைத்திருந்தால் பேசாமல் இருந்திருக்கலாம். பழி என் தலையில்தான் இருந்தது, சுகமாக, வழக்கமான இடத்தில். ஆனால் அவர் ரீச்சரைப் பார்த்துத்தான் சொன்னார்.

"ரீச்சர், சேர் தண்ணி எடுக்கப் போன நேரம் பார்த்தன், என்ட பைப்பால தண்ணி பீச்சுது. எனக்கு மானமே போயிட்டு. மோட்டர நிப்பாட்டி, துடைச்சி, பசை பிசைஞ்சி வைச்சி அடைச்சிட்டன். சேருக்குச் சொல்லயும் இல்ல. முப்பது வருசத்தில முதல் ஒழுக்கு… எப்பிடிச் சொல்ற?"

நான் வெட்கத்தில் ஓட்டையைச் சொல்லவில்லை. அவர் வெட்கத்தில் அடைத்ததைச் சொல்லவில்லை. இரண்டு ஆம்பிளைகள் மானத்தைக் காப்பாற்றினால் நிலத்தில் எத்தனை லீற்றர் விழும்? இப்போது எனக்குக் கணக்கே தெரியும்.

ஏனென்றால் ரீச்சர் ஈரத்துக்குள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போடத் தொடங்கியிருந்தார்.

"மேல்தொட்டி நூற்றிருபதுக்கு அறுபது. ஒரு சென்றிமீற்றர் இறங்கினால் ஏழு லீற்றருக்குக் கொஞ்சம் மேல. குழாயின்ட வாய் எவ்வளவு ஆழத்தில?"

"பதின்மூண்டு" என்றேன்.

"தொண்ணூற்றுச் சொச்சம் லீற்றர் இறங்கும். கீழ இடம் நாற்பது. மிச்சம் ஐம்பது என்ட ஹோலில." நிமிர்ந்தார். "ஓட்டையால பீச்சின தண்ணி நிண்டதை நீங்கள் காணேல்லையோ?"

"தண்ணி மட்டம் ஏறி மூடிட்டுது எண்டு நினைச்சனான்."

"விளிம்பால வழியிற தொட்டியில மட்டம் எப்பிடி ஏறும்?"

நான் விளக்குமாற்றை எடுத்துத் தண்ணீரைக் கூட்டத் தொடங்கினேன்.

மச்சான் வாசலில் நின்று தொட்டியை மறுபடி கண்ணால் அளந்தான். "அக்கா, நாளைக்கு வெறும் பெட்டியோட வரட்டே?" என்றான் மெதுவாக. ஆடுகளின் சார்பில்.

நாலு மாத வேலை. சீமெந்துப் பாறைகள். வராத கோமாளி மீன். பக்கவாட்டில் பார்க்கக் கிடைக்காமலே போகப்போகும் கடல். ரீச்சர் சொன்னால் சொன்னதுதான். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு புள்ளிகூடக் கூட்டிப் போட்டதில்லை அவர்.

நானாதான் வாயைத் திறந்தார். "ரீச்சர், பைப்பில பிழை இல்ல. ஒரு சான்ஸ் தாங்க. எனக்காகச் சரி."

ரீச்சர் நிலத்தைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். கணக்கைப் பார்த்தார்… அந்தக் கணக்கில் ஏதோ அவருக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"நான் சொன்னது ஒரு சொட்டுக்கு" என்றார். "இது வெள்ளம். வெள்ளத்துக்கு இன்னும் சட்டம் போடேல்ல."

மச்சானின் முகம் விழுந்தது. ரீச்சர் எழுந்து வந்து குழாயை விரலால் தட்டினார். "ஒரு ஓட்டை போதாது. உப்புக் கட்டி அடைச்சால் என்ன செய்யிறது? ரெண்டு வேணும். வாயை அஞ்சு சென்றிமீற்றருக்கு உயர்த்துங்கோ. வால்வின்ட கைப்பிடி முன்னுக்கு வரோணும். நானா, ரெண்டு ஓட்டையையும் நீங்கள்தான் போடோணும். இவரில்லை."

டிரில்லை நானாவிடம் நீட்டினேன். தன் கையால் ஒட்டிய குழாயை அவர் பார்த்த பார்வை… கோழி வளர்த்த வீட்டில் விருந்து நாளன்று அந்தப் பார்வையைக் கண்டிருப்பீர்கள். பிஸ்மி சொன்னார். கண்ணை மூடவில்லை, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒன்று. இரண்டு. வெள்ளைத் தூள் சுருள் சுருளாக விழுந்தது.

வாயை உயர்த்தி, வால்வைத் திருப்பி ஒட்டின இடம் காய்வதற்கு, இந்த முறையும், ஒரு முழு நாள் விட்டோம். நான் அந்தப் பக்கமே போகவில்லை. ரீச்சரின் உத்தரவு. கூட்டி வழித்த உப்புத் தண்ணீரை வாசல் படியில் ஊற்றிவிட்டிருந்தோம். ஞாயிறு காலை பார்த்தால், திருகோணமலைத் தெருக்களில் திரிகிற மான்களில் இரண்டு கேற்றுக்குள் வந்து படியை நக்கிக்கொண்டு நின்றன. என் கடலில் முதல் வாய் வைத்தது ஆடில்லை, மான். மச்சானுக்குச் சொல்லவில்லை.

ஞாயிறு பின்னேரம் மறுபரீட்சை. இரண்டு வெள்ளி நூல்கள் பக்கத்தில் பக்கத்தில் வளைந்து விழுந்தன. நானா அந்தப் பக்கம் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரீச்சர் மெயினைத் தள்ளினார்.

ஸ்ர்ர்ர்…

அந்தச் சத்தத்தை ஒரு தாளம் மாதிரி இன்னும் நெஞ்சில் வைத்திருக்கிறேன். காற்று உள்ளே போயிற்று. கீழ்த்தொட்டியில் மட்டம் ஏறி, விளிம்புக்கு நாலு விரல் கீழே நின்று, ஒரு தரம் ஆடி, அமைதியாயிற்று. நிலம் காய்ந்தே இருந்தது. ரீச்சர் குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"எஸ்" என்றார்.

பரீட்சைப் பெறுபேற்று 'எஸ்', சாதாரண சித்தி. ஏ இல்லை, பி இல்லை. எனக்குப் போதும்.

"அடுத்த கிழமை என்ட பிள்ளைகள் வருவினம்" என்றும் சொன்னார். "இந்தப் பாடத்தை அதுகள் படத்தில மட்டும்தான் கண்டது. மெயினை நான் நிப்பாட்டி நிப்பாட்டிக் காட்டுவன். மீனைப் பிறகு விடுங்கோ."

அப்படியாகத்தானே என் கடல், ஒரே பின்னேரத்தில், பாடசாலையின் ஆய்வுகூடமாயிற்று. யாருடைய தொட்டி என்று இப்போது கேட்டால் நான் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வேன்.

ஆனால் ஒன்று விளங்கியது. வேலை தெரிந்த மனிதர்கள் எல்லோரும் எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று தேடித் தேடி அடைக்கிறோம். பேச்சில், வீட்டில், ஊரில். காற்றுப் போகிற வழி எது, ஒழுக்கு எது என்று கேட்பதில்லை. கேட்டிருந்தால் நிலம் காய்ந்திருக்கும். வேறென்ன…

நானாவை வழியனுப்பக் கேற்றடிக்குப் போனேன். பைக்குள் பித்தளை வால்வுகள் கிலுங்கின. மோட்டார் சைக்கிளை உதைத்தார். ஹெல்மெட்டைப் போட்டார். போகாமல் நின்றார். பிறகு கண்ணாடியைத் தூக்கி, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்:

"சேர், அந்த ரெண்டு ஓட்டையும் நான் போட்டதெண்டு கிண்ணியாவில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதீங்க."